பிணை நிற்றல்: வாயில்லா உயிர்களும் வடசென்னை மக்களும்

தமிழ் இலக்கியம் தலைவர்க்குரிய பண்புகளைப் பேசுமிடத்தெல்லாம் வீரமும் கொடையும் முன்னிற்கக் காண்கிறோம். அவற்றோடு, வாயில்லா உயிர் ஒன்றின் துயரைக் கண்டு அதற்காகத் தன் பொருளையோ பெயரையோ இழக்கத் துணிதல் என்னும் பண்பும் அமைதியாக உடன் வருவதை ஊன்றிப் படிப்போர் அறிவர். முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் மேடைதோறும் பேசுகிறோம். பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். ஆயினும், கேட்டுப் பழகிய இக்கதைகளைவிட இப்பொருளை ஆழமாக விளக்குவன வேறிரண்டு உள. ஒன்று, மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு. மற்றொன்று, சீறாப்புராணத்தில் உள்ள மானுக்குப் பிணை நின்ற படலம்.

ஆபுத்திரன், வேள்வியில் கொல்லப்படவிருந்த பசுவை இரவோடிரவாக விடுவித்துக் கொண்டு சென்றவன். அதற்காக அடியுண்டான், ஊராரால் பழிக்கப்பட்டான், வளர்த்தவனாலும் கைவிடப்பட்டான். பின்பு மதுரையை அடைந்து, பிச்சையேற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளிகள் ஆகியோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பசுவைக் காத்தவனும் பசித்தவர்க்குச் சோறிட்டவனும் ஒருவனே என்று சாத்தனார் அமைத்திருப்பது எண்ணத்தக்கது. விலங்குக்கு இரங்குவோர் மனிதனை மறந்துவிடுவர் என்று இன்று எழும் குற்றச்சாட்டுக்கு அக்காப்பியம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை வைத்திருக்கிறது எனலாம்.

உமறுப்புலவர் காட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். பால் குடிக்கும் கன்றைக் காட்டில் விட்டுவந்த அம்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர விடை தருமாறு நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. வேடன் நகைக்கிறான். காட்டுக்குள் சென்ற மான் மீளுமோ? வருந்தித் தேடி அடைந்த இரையை அவன் ஏன் இழக்க வேண்டும்? அப்போது நாயகம் மானுக்குத் தாமே பிணையாக நிற்கிறார். மான் வாராதொழியின் ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகவும் வேடனுக்கு வாக்களிக்கிறார். காட்டை அடைந்த மானை அதன் இனம் தடுக்கிறது. மானோ சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இப்படலத்தைப் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் மானின் வாய்மையிலேயே நின்றுவிடுகின்றனர். ஒன்றுக்கு இரண்டு என்ற வாக்கினையே இக்கட்டுரை பற்றிக்கொள்ள விரும்புகிறது. மானின் துயரைத் தீர்க்க வந்த தலைவர், வேடனின் பசியையும் கணக்கில் கொள்கிறார். வேடனைக் கொடியவன் என்று வைது விரட்டியிருந்தால் மான் தப்பியிருக்கும்; ஆனால் அன்றைய உணவு வேடனுக்கு இல்லாது போயிருக்கும். அந்த இழப்பைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதனால்தான் அது பிணை ஆயிற்று. இரக்கம் எவர்க்கும் வரும். இரக்கத்தினால் விளையும் இழப்பு யார் தலையில் விழுகிறது என்று கேட்பவரே தலைவராக நிற்கத்தக்கவர். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியில் கடந்த சில பத்தாண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

நாய் வண்டியின் நூற்றாண்டு

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை மாநகராட்சி 1860 அளவில் தொடங்கியது என்பர். நாய் வண்டி தெருவில் நுழைந்ததும் சிறுவர்கள் ஓடி ஒளிந்ததும், வளர்த்த நாயை வீட்டுக்குள் இழுத்துக் கதவடைத்ததும் முதியோர் நினைவில் இன்றும் இருக்கும். பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். 1995 அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்கள் கொல்லப்பட்டன என்று புளூ கிராஸ் அமைப்பைச் சார்ந்த சின்னி கிருஷ்ணா குறிப்பிட்டுள்ளார். இத்தனை கொன்றும் நாய்கள் குறைந்தனவா? இல்லை. வெறிநோய்ச் சாவுகளும் குறையவில்லை.

காரணம் எளியது. தெருநாய் தன் எல்லைக்குள் அயல்நாயை விடாது. ஒரு தெருவின் நாய்களைப் பிடித்துச் சென்றால், எச்சிற்குப்பையும் மீன்கழிவும் இறைச்சிக் கழிவும் உள்ள அவ்விடம் வெறுமையாக இராது. அடுத்த தெரு நாய்கள் அங்கே குடியேறும். உணவு மிகுந்து போட்டி குறைவதால் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும். பெட்டை நாய் ஆண்டுக்கு இரு முறைகூட ஈனும். ஆகவே கொல்பவன் கை ஓய்வதே இல்லை.

இம்முறைக்கு மாற்று உண்டு என்று கூறியவர் விமானியான கேப்டன் வி. சுந்தரம். தம்மைப் போன்றே விமானம் ஓட்டிய துணைவியார் உஷாவுடனும் மக்களுடனும் சேர்ந்து 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் என்னும் திட்டத்தை 1960களின் நடுவில் அவ்வமைப்பு முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1995இல் தென்சென்னையின் ஒரு பகுதியில் சோதனையாகத் தொடங்கி, 1996இல் நகர் முழுமைக்கும் அது விரிந்தது. கொலை நின்றது. 1996இல் 120 ஆக இருந்த வெறிநோய்ச் சாவு, அடுத்து வந்த பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைந்து ஒன்றுமில்லை என்ற நிலையை எட்டியது என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு. நடுவண் அரசு 2001இல் நாய்க் கருத்தடை விதிகளை இயற்றியபோது சென்னை அதற்கு முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று.

முப்பது ஆண்டுகள் ஒரே விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி, ஆணையர் மாறும்தோறும் மீண்டும் முதலிலிருந்து விளக்குவது எத்தகைய பொறுமை! கூட்டமும் கைதட்டலும் அற்ற அப்பணியைத் தலைமை என்று நம் மேடைகள் எளிதில் ஒப்புவதில்லை.

இத்திட்டத்தால் காக்கப்பட்டது நாய் மட்டுமா? வெறிநாய் கடித்தபின் நோய் வெளிப்பட்டுவிட்டால் மீட்பு அநேகமாக இல்லை. நீரைக் கண்டு நடுங்கும் அந்நோயாளிகள் கொண்டுவரப்பட்ட கடைசி வாயில் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் யார்? தெருவில் விளையாடும் குழந்தைகள், விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கச் செல்லும் பெண்கள், இரவுப் பணி முடித்து நடந்து திரும்பும் தொழிலாளர், நடைபாதையில் உறங்குவோர். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்பவரை நாய் கடிப்பது அரிது. எனவே நாய்க்குப் போடும் ஊசி ஏழைக்குப் போடும் ஊசியே.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. மாநகராட்சியின் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 57,366 ஆக இருந்த தெருநாய்கள், 2024இல் ஏறத்தாழ 1,81,000 ஆகக் காட்டப்பட்டன. எண்ணும் முறையில் வேறுபாடு இருக்கலாம். ஆயினும் கருத்தடைப் பணி தளர்ந்துவிட்டது என்பதை இவ்வெண்கள் உணர்த்தாமல் இல்லை. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் தடுப்பூசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவு. ஓராண்டு முனைந்து செய்து மறு ஆண்டு விட்டுவிட்டால் பழைய நிலை திரும்பும். 2023 நவம்பரில் இராயபுரத்தில் ஒரே நாய் ஒரே மாலையில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவரைக் கடித்தது. மக்கள் அதனை அடித்துக் கொன்றனர். ஆய்வில் அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று. கடிபட்டவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அன்றிரவு ஸ்டான்லி மருத்துவமனை வாயிலில் நின்ற ஒரு தாயிடம் சென்று நாய்களுக்கு இரங்குமாறு எவரேனும் கூறியிருந்தால், அதைவிடக் கொடிய சொல் வேறிராது. அத்தாய்க்கு நாம் தரவேண்டிய ஒன்றுக்கு இரண்டு, அவள் தெருவில் தடுப்பூசி போடாத நாய் இல்லை என்ற உறுதியே ஆகும்.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2025இல் இச்சிக்கலில் தலையிட்டது. தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்டு 11 அன்று இட்ட ஆணை, அம்மாதம் 22 அன்று திருத்தப்பட்டது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, ஏனையவற்றைக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது திருத்தம். நவம்பர் 7 அன்று கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றவும் அவற்றை அங்கே மீண்டும் விடாதிருக்கவும் ஆணை பிறந்தது. கல்லூரி வளாகங்களும் இதனுள் அடங்கும் என்பதால் ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் போக இயலாது.

நம் சமுதாயப் பெரியவர்கள் சிலர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை எவ்வாறு கழுவ வேண்டும் என்று மார்க்க நூல்கள் விதித்திருக்க, நாயைப் பேணுவது தகுமா என்பர். அவ்விதி தூய்மை பற்றியது. துன்புறுத்த விடை தருவது அன்று. தாகத்தால் மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து கொடுத்தவன் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இன்றைய மொழியில் சொன்னால் அது விலங்கு மீட்புப் பணியேயாம்.

எண்ணெய் படிந்த கழிமுகம்

எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழும் குப்பங்கள் பல. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று அவற்றின் பெயர்களை அடுக்கினாலே ஆற்றின் போக்கு கண்முன் வரும். அனல் மின் நிலையங்களின் சாம்பலும் ஆலைக் கழிவும் ஏற்கெனவே மேடிட்ட ஆறு அது.

2017 சனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு ஏதுமில்லை என்றே முதலில் கூறப்பட்டது. கரிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தடித்த குழம்பாய் ஒதுங்கிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. அக்குழம்பை அள்ள வந்தவர்கள் யாவர்? மீனவ இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் தொண்டர்களும் ஒப்பந்தத் தொழிலாளரும். கையில் வாளி, பலருக்குக் கையுறையும் இல்லை. உலக வணிகம் நடக்கும் துறைமுகத்துக்கு அருகில், பிளாஸ்டிக் வாளியே அன்று முதற்கருவியாயிற்று.

ஏழாண்டுகள் நிறையுமுன், 2023 திசம்பரில் மிக்சாம் புயல் பெய்வித்த பெருமழையில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் கலந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளின் சுவர்களில் எண்ணெய்க் கோடு படிந்தது. படகும் வலையும் பாழாயின. அலையாத்திச் செடிகளின் வேர்களில் பிசுக்கு ஒட்டியது. வெண்ணிறக் கூழைக்கடாக்கள் கறுத்துத் திரிந்தன.

எண்ணெய் பட்ட பறவையை மீட்பது எளிதென்று கருதுவோர் உளர். இறகுகள் ஒன்றோடொன்று பின்னி நீர் புகாத போர்வையாய் நிற்பதனால்தான் நீர்ப்பறவை மிதக்கிறது, உடற்சூட்டையும் காக்கிறது. எண்ணெய் அப்பின்னலைக் கலைத்துவிடும். பறவை குளிரால் நடுங்கும். மூக்கால் இறகைக் கோதும்போது நஞ்சை விழுங்கும். ஆயினும் பறக்க வலு உள்ளவரை அது பிடிபடாது. பிடிபடும் அளவுக்குத் தளர்ந்த பின்போ பிழைப்பது அரிதாகும். பிடித்தவுடன் கழுவிவிடவும் கூடாது. முதலில் சூடேற்றி, நீரும் உணவும் கொடுத்துத் தேற்றி, பின்னரே மென்மையான சவர்க்கார நீரில் பன்முறை அலச வேண்டும். அலறி ஓடிப்போய்த் தூக்கும் இரக்கத்தைவிட, பயின்ற கையும் பொறுத்திருக்கும் மனமும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பறவைகளின் படங்கள் நாடெங்கும் பரவின. அதனால் ஆய பயன் பெரிது. ஆலையின் கதவைத் தட்டும் துணிவு பலருக்கும் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டது. ஆனால் அதே சேற்றில் இடுப்பளவு நின்று குவளையால் எண்ணெய் முகந்த மீனவரின் தோல் வெடிப்பும் மூச்சுத் திணறலும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தமிழக அரசு அப்போது 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 8.68 கோடி. வலை ஒன்றின் விலை அறிந்தவர் இத்தொகையின் அளவையும் அறிவர். சேறு தெளிந்து, இறால் திரும்பி, எண்ணூர் மீன் என்றதும் வாங்குவோர் முகம் சுளிக்காத நாள் வரும்வரை அக்குடும்பம் எதனை உண்ணும் என்ற கேள்விக்கு அத்தொகையில் விடை இல்லை. இங்கே பிணை நிற்க வேண்டியவர், கசிவுக்குக் காரணமானவரிடம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கும் வலிமை உடையவராதல் வேண்டும்.

ஆமையும் வலையும்

வேடனின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் மற்றொன்று உண்டு. ஆண்டுதோறும் சனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரையை நாடி வருகின்றன. மாணவர்களே கூடி 1988இல் அமைத்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, தென்சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. கல்லூரிப் பருவத்தினர் கையிலேயே அப்பணி இன்றும் உள்ளது. 2025 சனவரியிலோ சென்னைக் கடற்கரையிலும் அதனை அடுத்த மாவட்டக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை வலையில் சிக்கி நெடுநேரம் மேலே வர இயலாதபோது மூழ்கி இறக்கிறது. பழி முழுதும் விசைப்படகுகள் மேல் விழுந்தது.

கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்பது தமிழகச் சட்டம். ஆமை நழுவிச் செல்ல வலையில் கம்பிச் சட்டமும் திறப்பும் பொருத்தும் முறையும் உண்டு. அத்திறப்பின் வழியே மீனும் போய்விடுகிறதே என்பது காசிமேட்டு விசைப்படகினரின் முறையீடு. டீசல் விலையும் வட்டியும் அறிந்தவர் அதனைப் புறந்தள்ளமாட்டார். ஆனால் அதே ஐந்து மைலுக்குள் இழுவை வலை நுழையும்போது அறுபடுவது திருவொற்றியூர்ச் சிறுபடகுக்காரரின் வலையும்தான். ஆமை செத்து ஒதுங்கும் கடலில் அவர் வருவாயும் செத்து ஒதுங்குகிறது. எனவே ஆமைக்காகப் பேசுவோர் முதலில் சென்று அமர வேண்டிய இடம் சிறுபடகுத் துறையே. அடுத்து விசைப்படகினரோடு அமர்ந்து, திறப்பால் போகும் மீனின் இழப்பை யார் ஈடுசெய்வது என்று பேசியாக வேண்டும். அப்பேச்சைத் தொடங்காமல் தண்டம் மட்டும் விதிப்பது, வேடனை வைது விரட்டுவதை ஒக்கும்.

மாணவர்க்குக் கைவந்த பணி

மாணவர்க்குரிய பணி எது என்ற வினா எழலாம். எண்ணெய்க் கப்பலைத் தடுக்க மாணவரால் ஆகாது. தடுப்பூசி முகாம் அவர்களால் ஆகும். மாநகராட்சி 2025 ஆகஸ்டில் நகர் முழுதும் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் பணியைத் தொடங்கியது. வடசென்னையில் புளியந்தோப்பில் கருத்தடை மையமும் உள்ளது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தெருவாரியாக நாய்களைக் கணக்கெடுத்துத் தருவதும், காதில் வெட்டுக்குறி உள்ளது கருத்தடை ஆனது என்று மக்களுக்கு விளக்குவதும் செயற்கு எளியன. நாய் கடித்தால் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்புவதை விடுத்து, ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை வீடுதோறும் சொல்வதும் அத்தகையதே. தோலினூடே இடும் ஊசி, முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணை. மூன்றாவதோடு நிறுத்திவிடுவோர் மிகுதி என்பதால் அதனை அழுத்திக் கூற வேண்டும்.

முகாமில் வேலை செய்தோர் ஒன்றை ஒருமித்துக் கூறுவர். வலையோடும் வண்டியோடும் தெருவில் நுழைந்தால் நாய்கள் நான்கு திசையிலும் ஓடிவிடும். ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். தேநீர்க் கடையில் பொறை பிய்த்துப் போடுபவர், மீன் கழுவும் ஆச்சி, இரவுக் காவலர் என யாராகவும் இருக்கலாம். அவர் பெயர் சொல்லி அழைத்தால் நாய் வாலாட்டிக் கொண்டு வந்து ஊசிக்கு நிற்கும். தெருவின் அத்தனை நாய்களின் பெயரும், எது எப்போது ஈன்றது என்பதும் அவருக்குத் தெரியும். பெரும்பாலும் தெருவார் திட்டுக்கும் அவரே ஆளாகியிருப்பார். முகாமுக்கு முந்திய நாளே தெருவுக்குச் சென்று அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு உடன் வர இயலுமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நலம்.